எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?

சங்கரன்கோவிலில் மார்கழி மாதத்து நாலரை மணியை யாரும் ராத்திரி என்று சொல்ல மாட்டார்கள். கோயில் நடை வழக்கத்தைவிடச் சீக்கிரமே திறந்திருக்கும். ஒலிபெருக்கியில் திருப்பாவை முடிந்து திருவெம்பாவை தொடங்கும். சிவனும் பெருமாளும் ஆளுக்குப் பாதியாக ஒரே மேனியில் நிற்கும் ஊர் என்பதால், இரண்டு பேருக்கும் இங்கே சரிபங்கு. ரதவீதிகளில் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். டீக்கடையில் முதல் பால் பொங்கியிருக்கும். தெருவுக்குள்ளே எங்கோ விசைத்தறிகள் ராத்திரி முழுக்க அடித்த சத்தத்தை இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்.

மற்ற மாதங்களில் இதே நேரத்தில் இதே தெருவில் ஒரு பெண் தனியாக ஓடினால், முதலில் நாய் குரைக்கும். அப்புறம் ஊர் வாய் திறக்கும். மார்கழியில் இரண்டும் இல்லை. நாய்களுக்கும் அந்த மாதம் ஆள் நடமாட்டம் பழகிவிடுகிறது.

ஓட்டப் பயிற்சிக்கு வேண்டியவை என்று நல்ல ஷூ, கைக்கடிகாரம், உணவுப் பட்டியல் என எவ்வளவோ சொல்கிறார்கள். சிறு ஊர்ப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது விளக்கெரிகிற ஒரு தெரு, விழித்திருக்கிற நாலு பேர். அதை இந்த ஊர் மார்கழியில் சும்மாவே தருகிறது. சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வருவதால், பயிற்சியின் கடினமான கடைசி வாரங்கள் சரியாக மார்கழிக்குள் வந்து விழுகின்றன. யாரும் எனக்காகத் திட்டம் போட்டதில்லை. ஆனாலும் பொருத்தம் நன்றாக அமைந்தது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கோகோகூட ஆடியதில்லை. ஓட்டம் எனக்கு வந்தது அம்மா வழியாக.

ஆடித்தபசுக்கு இங்கே வந்தவர்களுக்கு ஆடிச்சுற்று தெரிந்திருக்கும். சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகர்களுக்குள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கு வந்தது. இருவரும் ஒன்றே என்று உலகத்துக்குக் காட்ட வேண்டுமென்று அம்பாள் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தாள். ஆடி உத்திராடத்தன்று சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்தது. இது ஊரின் கதை. தபசு நாளில் விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய், தானியம் என்று அள்ளி எறிந்து சூறை விடுவதைக் காண வெளியூர்க் கூட்டம் முண்டியடிக்கும். எனக்கோ அதற்கு முந்தைய நாட்கள்தான் பிடிக்கும். கொடி ஏறியதும் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். நூற்றியெட்டு, ஐநூறு, ஆயிரம் என்று அவரவர் வேண்டுதல் கணக்கு. இப்படிச் சுற்றுகிறவர்கள் ஒற்றைக்காலில் நிற்கிற அம்பாளின் கால்வலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை.

எல்லாம் வெறுங்காலில். ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று அங்கே யாரும் அளப்பதில்லை.

என் தம்பிக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை முற்றிப்போனபோது அம்மா வைத்த வேண்டுதல் இது. தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அம்மா விடவில்லை, வருடா வருடம் நூற்றியெட்டு. சுருக்குப்பையில் நூற்றியெட்டுப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்வாள். ஒரு சுற்று முடிந்தால் ஒன்றை எடுத்து முந்தானை முடிச்சுக்குள் போடுவாள். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் அறுபத்தொன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கி, எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. சுருக்குப்பையை என் கையில் கொடுத்து, "மீதியை நீ சுத்திரு" என்றாள்.

நாற்பத்தேழு சுற்று. அலுவலகத்துக்கு அனுமதி சொல்லிவிட்டு வந்திருந்ததால் வேக வேகமாக நடந்தேன். இருபது தாண்டியதும் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்தது. முப்பதுக்கு மேல், வீட்டில் அரிசி தீர்ந்தது, மகளின் பீஸ், தறிக்கூடத்து நிலுவை எல்லாம் தலையை விட்டு இறங்கிப்போயின. முடித்தபோது இன்னும் பத்து சுற்றலாம் போலிருந்தது. கல்யாணமான பிறகு என் உடம்பை நினைத்து நான் சந்தோஷப்பட்ட முதல் நாள் அது என்று சொன்னால் மிகையில்லை.

அம்மாவைப் பார்த்த டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார். தொடைத் தசையைப் பலப்படுத்தப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், "நீங்க இப்பவே நடக்க, ஓட ஆரம்பிங்க" என்றார். ஓடினால் முட்டி தேயும் என்று நம் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. ஆரோக்கியமான மூட்டு அளவான ஓட்டத்தால் கெட்டுப்போவதில்லை, தசை வலுவில்லாமல் எடை ஏறுவதுதான் அதற்குப் பகை என்று அவர் விளக்கினார். விபத்தில் முழங்காலில் அடிபட்டு, சர்க்கரையும் உள்ள மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியிருப்பதையும், அமைச்சராக இருந்தபோதும் அதை விடாததையும் பேப்பரில் படித்தது நினைவுக்கு வந்தது. (ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஓடக் கிளம்ப வேண்டாம், டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.)

புரட்டாசியில் ஆரம்பித்தேன். சென்னையில் இருக்கும் சித்தி மகள்தான் பெயர் பதிந்துவிட்டாள். அரை மாரத்தான், 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முழு மாரத்தானின் 42.195 என்கிற விநோதக் கணக்கு 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. 1921இல் அதையே அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டார்கள். அதைப் பாதியாக வகுத்தால் 21 கிலோமீட்டரும் தொண்ணூற்றேழரை மீட்டரும். இந்தத் தொண்ணூற்றேழரை பிறகு வரும்.

முதல் மாதம் ரதவீதிகளை விட்டு வெளியே போகவில்லை. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர் பரப்பிய முறை இது. வயது ஏறித் தொடங்குகிறவர்களுக்கு நல்லது. நடப்பது தோல்வி இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறது. நிமிடம் பார்க்கக் கடிகாரம் கட்டவில்லை. தறிச் சத்தத்துக்குக் காலடியைச் சேர்த்துக்கொண்டு, இந்தக் கோலத்திலிருந்து அந்தக் கரண்டுக் கம்பம் வரை என்று ஓடினேன். ஒன்பது நிலை ராஜகோபுரத்தின் உச்சி விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கண்ணில் படும். அதுதான் என் மைல்கல்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை. மேற்கே மலையடிவாரத்துப் புளியங்குடியோடு ஒப்பிட்டால் எங்கள் ஊர் வறண்டதுதான். ஆனாலும் வடகிழக்குப் பருவமழை வந்தால் கரிசல் காட்டுப் பாதை ஒன்றுக்கும் உதவாது. பத்தடி வைப்பதற்குள் ஷூவுக்கு அடியில் இன்னொரு ஷூ முளைத்துவிடும். ஒரு காலுக்கு அரைக் கிலோ மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கரிசல்காரர்கள் மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது ஏன் என்று அன்றைக்கு முழுசாகப் புரிந்தது. அதனால் நீண்ட தூர ஓட்டத்துக்குத் தார்ச்சாலைதான். சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே ராஜபாளையம் போகிற சாலையில், கரிவலம்வந்தநல்லூர் வரை போய்த் திரும்பினால் அரை மாரத்தான் தூரத்தைத் தொட்டுவிடலாம்.

இந்தப் பாதைக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு. தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். ஐந்தும் ஒரே வட்டாரத்துக்குள் இருப்பதால் சிவராத்திரிக்கு வண்டி வைத்து ஒரே மூச்சில் பார்த்துவருகிறவர்கள் உண்டு. நான் ஞாயிறுதோறும் நிலத்தில் கிளம்பி நெருப்பைத் தொட்டுத் திரும்பினேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் நெருப்பு தொடைக்குள் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகை வரை என் வீட்டுக்காரர் பைக்கில் பின்னாலேயே வந்தார். தூக்கம் கெட்ட கோபம் முகத்தில் தெரிந்தாலும் ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை. மார்கழி பிறந்ததும், "இனிமே நீயே போயிட்டு வா. ரோட்டுல என்னைவிட ஆள் ஜாஸ்தி" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரி. அந்தச் சாலையில் மார்கழி விடியலில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். முதல் வகை பாதயாத்திரைக்காரர்கள். தைப்பூசத்துக்கு முன்னே பழனிக்கும் திருச்செந்தூருக்கும் நடப்பவர்கள். இங்கிருந்து திருச்செந்தூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். பச்சையோ காவியோ உடுத்தி, முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, காவடிப் பாட்டுப் போட்ட தள்ளுவண்டியின் பின்னால் வருவார்கள். அறுபது வயதுப் பாட்டிகளும் அதில் உண்டு. மூன்று மாதம் அட்டவணை போட்டுப் பயிற்சி செய்த எனக்கு, அட்டவணை எதுவும் இல்லாமல் என்னைப்போல் ஐந்து மடங்கு தூரம் போகிற அந்தப் பாட்டிகளைக் கடந்து ஓடும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அந்த ஸ்டிக்கரில் ஒன்றை ஒரு அண்ணாச்சி எனக்கும் கொடுத்தார். முதுகில் ஒட்டிக்கொண்டு, எதிரே வருகிற வண்டி தெரிகிற மாதிரி சாலையின் வலப்பக்கமாகவே ஓடினேன். நெடுஞ்சாலையில் ஓடுகிற எல்லாரும் அப்படித்தான் ஓட வேண்டும்.

இரண்டாவது வகை பூப்பறிக்கிறவர்கள். சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பிச்சியும் மல்லியும் போகிறது. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால், இருட்டிலேயே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். மார்கழிப் பனிக்குப் பூ வரத்து குறைந்து, பொங்கல் நெருங்க நெருங்க விலை மல்லிக்குத் தாறுமாறாக ஏறும். பறிக்கிறவர்களின் கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. நானும் நெற்றியில் அதே விளக்கைக் கட்டியிருந்தேன். வரப்போரம் நின்ற ஒரு அக்கா கேட்டார்:

"எந்தத் தோட்டத்துக்குப் போறீக? இப்படி ஓடுறீக, நேரமாயிருச்சா?"

தோட்டத்துக்கு இல்லை, சும்மாதான் என்றேன். சும்மா என்ற பதில் அவருக்குப் போதவில்லை. "அப்ப எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்றார்.

மூன்றாவது வகை டீக்கடைப் பெரியவர்கள். கேள்வி ஒன்றுதான். கரிவலம் டீக்கடையில், திரும்பி வரும் பாதையில், கடைசியில் எங்கள் தெரு முனையில் என்று எல்லா இடத்திலும் அதுவே. இந்த ஊரில் காலால் நெடுந்தூரம் போகிறவருக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பிள்ளைவரம், கல்யாணம், நோய், கடன் என்று ஏதாவது ஒன்று.

அம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

"என்ன வேண்டியிருக்க? எங்கிட்டயாவது சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாம யாராவது இம்புட்டுத் தூரம் காலைத் தேய்ப்பாங்களா? உனக்கு உடம்புக்கு ஏதாவது இருந்து மறைக்கியா?"

நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். சர்க்கரை இல்லை, கட்டி இல்லை என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சமாதானம் சொன்னேன். அவள் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். கோயில் புற்றுமண். "இருட்டுல போற. நெத்தியில வச்சுக்கோ. பூச்சிபொட்டு அண்டாது." பாம்பு, தேள் பயம் தீர வெள்ளியில் உருவம் வாங்கி உண்டியலில் போடுகிற ஊரில் வளர்ந்தவள். ஓட்டத்துக்கான பொருட்கள் பட்டியலில் புற்றுமண்ணும் சேர்ந்தது. பாம்பு ஒன்றையும் நான் பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கிளம்புமுன் கருப்பட்டிக் காபி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை குறைய ஆரம்பிக்கும் என்பதால் பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். வியர்வையில் போகிற உப்பை ஈடுகட்ட, எலுமிச்சையும் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர். திரும்பி வந்ததும் அம்மா வைத்திருக்கும் நீச்சத்தண்ணி ஒரு செம்பு. நீண்ட ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் சங்கரன்கோவில் பிரியாணியைத் தொடக் கூடாது என்று விதி வைத்திருந்தேன். சனிக்கிழமை ராத்திரிகளில் அந்தக் கடைத்தெரு வழியே நடந்து வருவதைவிடக் கரிவலம் போய்வருவது சுலபம்.

என் இலக்கு மூன்று மணி நேரம். அதற்குக் காரணம் விளையாட்டு அல்ல. நாலரைக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வீட்டில் இருக்க வேண்டும். எட்டுக்கு மகள் டியூஷன் போவாள். அம்மாவுக்கு மாத்திரைக்கு முன்னால் இட்லி. ஒன்பதரைக்குத் தறிக்கூடத்தில் வாரக் கூலிக் கணக்கு. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தால்தான் இந்த ஓட்டம் என் வாழ்க்கைக்குள் இடம் பிடிக்கும். அதைத் தாண்டினால் யாரோ ஒருவர் தன் வேலையை நிறுத்தி என் வேலையைச் செய்ய வேண்டும். மார்கழியின் மூன்றாவது ஞாயிறு இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் வாசலுக்கு வந்தேன். கோலம் காய்ந்திருந்தது, இட்லிப்பானை காயவில்லை.

சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் போனேன். சாயங்காலம் இங்கே ஏறினால் விடியலில் அங்கே. மார்பில் குத்தும் எண்ணையும் அதோடு ஒட்டியிருக்கும் நேரம் பதிகிற சிப்பையும் முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள் கூடுதலாகத் தேவை. சித்தி மகள் வீட்டில் தங்கினேன். கிளம்பும்போது அம்மா என் கையில் எதையோ அழுத்தினாள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தொரு புளியங்கொட்டை.

முழு மாரத்தான்காரர்கள் நேப்பியர் பாலத்திலிருந்து கிளம்ப, எங்களுக்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூட்டம். பதினெட்டு வயதுப் பையன்கள், எழுபதைத் தாண்டிய தாத்தாக்கள், சேலை கட்டியே ஓட வந்த இரண்டு மாமிகள். இத்தனை பேரில் ஒருவர்கூட என்னிடம் எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. "எவ்வளவு டைம் டார்கெட்?" என்றுதான் கேட்டார்கள். அதுவும் வேண்டுதல் கேட்பது மாதிரிதான் இருந்தது.

கடற்கரைக் காற்றைப் பற்றி உள்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் இல்லை, குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே சட்டை முழுக்க நனைந்துவிட்டது. எங்கள் கரிசல் பக்கத்தில் வியர்வை பனியோடு காய்ந்துபோகும், உடம்பு தானாகக் குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது, உடம்புச் சூடு இறங்குவதில்லை. அதனால் ஆரம்பத்திலேயே வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பந்தல் எதையும் விடாமல் இரண்டு வாய் குடித்துக்கொண்டே போனேன்.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கொட்டை, இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு. திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கால் வைத்தபோது கை பழகிவிட்டது. பத்தாவது கொட்டையில் வானம் வெளுத்தது. ஒரு முருகன் பாட்டு எங்கிருந்தோ கேட்டது. சாலையோரம் வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் ஓடுகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

பதினாறாவது கொட்டை கனத்தது. இடது தொடை இழுத்துப் பிடித்து, ஓட்டம் இரண்டு நிமிடம், நடை ஒரு நிமிடம் என்ற கணக்கு தலைகீழானது. அம்மா அறுபத்தொன்றில் உட்கார்ந்த இடம் கண்ணில் வந்தது. அவளுடைய நூற்றியெட்டில் எந்தச் சுற்றிலிருந்து வலி தொடங்கியிருக்கும்? நான் ஒரு வருடம்கூடக் கேட்டதில்லை. வருடா வருடம் வெறுங்காலில், சுற்றி முடித்த கையோடு வீட்டுக்கு வந்து உலை வைத்திருக்கிறாள். நின்று, நடைமேடைக் கல்லைப் பிடித்துத் தொடையை நீட்டி, ஒரு கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினேன்.

இருபத்தொன்றாவது கொட்டையும் வலது பக்கம் போன பிறகு முடிவுக்கோடு கண்ணில் தெரிந்தது. கையில் எண்ண ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவின் கணக்கில் இல்லாத அந்தத் தொண்ணூற்றேழரை மீட்டரை மட்டும் நடக்காமல் முழுக்க ஓடினேன்.

இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம்.

போனில் சொன்னபோது அம்மா நேரத்தைக் கண்டுகொள்ளவில்லை. "கால் எப்படி இருக்கு?" என்றாள். வலிக்கிறது என்றேன். "உக்காந்துராத. கொஞ்சம் நட" என்றாள். பிறகு, "கொட்டையைத் தூரப் போட்டுராத, பத்திரமாக் கொண்டா. ஆடிக்கு நூத்தியெட்டு வேணும்."

அன்று சாயங்காலமே ரயில் ஏறினேன். திங்கட்கிழமை காலை சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பெட்டிப் படியிலிருந்து பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. வெளியே ஆட்டோக்கார அண்ணன் நான் நொண்டி வருவதைப் பார்த்துப் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

"பாதயாத்திரையாக்கும்? பழனியா, செந்தூரா?"

"சென்னைண்ணே."

வண்டியைக் கிளப்பியவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் கேட்டார்: "சென்னையில எந்தக் கோயிலு?"